மொரீஷியஸ் சோஷியல் பாடம்: பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

ரோஸ் ஹில் பக்கம் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குச் சோஷியல் பாடத்தில் உதவி செய்கிறேன். வருகிறவர்கள் இரண்டு வகை. வேலை நிமித்தம் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒரு பக்கம். ஐந்தாறு தலைமுறையாக இங்கேயே இருந்து, வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த இங்கத்துப் பேச்சுமொழி) பேசி, கோவில் வகுப்பில் தமிழ் படித்த பிள்ளைகள் இன்னொரு பக்கம். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. முடிந்தால் வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

மிஸ், இது சரித்திரப் பாடமா, பூகோளப் பாடமா? எதுக்கு எல்லாத்தையும் ஒண்ணா கலக்கறாங்க?

ஏழு, எட்டு, ஒன்பதாம் கிரேடுகளில் ‘சோஷியல் அண்ட் மாடர்ன் ஸ்டடீஸ்’ என்ற ஒரே பாடத்துக்குள் சரித்திரம், பூகோளம், சமூகவியல் மூன்றும் வருகின்றன. ஒன்பதாம் கிரேடு முடிவில் என்.சி.இ. (தேசியக் கல்விச் சான்றிதழ்) தேர்வு. அதற்குப் பிறகு எஸ்.சி. (ஸ்கூல் சர்டிஃபிகேட்) போகும்போது பொருளியல், பூகோளம் எல்லாம் தனித்தனிப் பாடங்களாகப் பிரிந்துவிடும். விடை எழுதுவது ஆங்கிலத்தில், வகுப்பில் காதில் விழுவது பாதி பிரெஞ்சு, பாதி கிரியோல்.

கலப்பதில் தப்பில்லை என்பது என் கட்சி. இந்தத் தீவில் கரும்பு ஏன் வந்தது என்பது சரித்திரம், எங்கே விளைகிறது என்பது பூகோளம், அதை வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எப்படி ஓட்டுப் போடுகிறார்கள் என்பது குடிமையியல், சீனி விலை விழுந்ததும் என்ன ஆனது என்பது பொருளியல். ஒன்றைப் படிக்காமல் இன்னொன்று புரியாது.

ஊர்ல இருந்து சமச்சீர் புத்தகம் கொண்டு வந்திருக்கோம், அதை வச்சே படிச்சா போதாதா?

அட்சரேகை, தீர்க்கரேகை, சந்தை, தேவை, அளிப்பு மாதிரி அடிப்படை விஷயங்களுக்குத் தாராளமாக உதவும். தமிழில் ஒருமுறை புரிந்துகொண்டுவிட்டு இங்கத்துப் புத்தகத்தைத் திறந்தால் வேலை சுலபம். ஆனால் பூகோளத்தில் சில இடத்தில் காலை வாரிவிடும், காரணம் அது வட அரைக்கோளத்துப் பிள்ளைக்காக எழுதினது.

மொரீஷியஸ் தெற்கே ஏறத்தாழ 20 பாகையில் இருக்கிறது. இங்கே கோடை நவம்பர் முதல் ஏப்ரல் வரை, ஜூலை குளிர்காலம். நடுப்பகலில் சூரியன் வருஷத்தின் பெரும்பகுதி வடக்கே சாய்ந்து நிற்கும். டிசம்பர், ஜனவரியை ஒட்டிய கொஞ்ச நாள்தான் தலைக்கு மேலேயும் சற்றுத் தெற்கேயும் போகும். வங்கக்கடல் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும் என்று ஊரில் படித்திருப்பீர்கள், இங்கே வரும் சைக்ளோன் கடிகார முள் போகிற திசையிலேயே சுழலும். ஊர்ப் புத்தகத்துப் படத்தை அப்படியே வரைந்து மார்க்கைக் கோட்டைவிட்ட பிள்ளைகள் நிறைய.

டச்சுக்காரன், பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன், யார் எப்ப வந்தாங்கன்னு மண்டையில நிக்கவே மாட்டேங்குது

நான்கு வருஷம் போதும்: 1598, 1715, 1810, 1968. டச்சுக்காரர்கள் 1598-ல் கரையிறங்கி, 1638-ல் குடியேறி, நடுவில் ஒருதடவை காலி செய்துவிட்டுத் திரும்பி வந்து, 1710-ல் ஒரேயடியாகப் போய்விட்டார்கள். கருங்காலி மரத்தை வெட்டித் தீர்த்ததும், ஜாவாவிலிருந்து மானும் கரும்பும் கொண்டுவந்ததும், டோடோ பறவை அழிந்ததும் அவர்கள் காலத்தில். 1715-ல் பிரெஞ்சுக்காரர்கள் உரிமை கொண்டாடி ‘ஈல் த பிரான்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். 1810-ல் பிரிட்டிஷ்காரர்கள் பிடித்தார்கள். 1968 மார்ச் 12 சுதந்திரம். அதே மார்ச் 12-ல், 1992-ல், குடியரசு. இரண்டுக்கும் ஒரே தேதி என்பதால் குழம்பவேண்டாம், வருஷத்தைச் சேர்த்து எழுதினால் தீர்ந்தது.

ஒரு சின்னப் பொறி. 1810 ஆகஸ்டில் கிராண்ட் போர்ட்டில் நடந்த கடற்சண்டையில் ஜெயித்தது பிரெஞ்சுக்காரர்கள். பாரிஸ் வெற்றி வளைவில்கூட அந்தப் பெயர் பொறித்திருக்கிறது. பிரிட்டிஷ்காரர்கள் நவம்பர் கடைசியில் வடக்குக் கரை வழியாக இறங்கி டிசம்பர் 3-ல் தீவை வாங்கிக்கொண்டார்கள். ‘கிராண்ட் போர்ட்டில் பிரிட்டன் வென்றது’ என்று எழுதினால் நேராக பூஜ்யம்.

இங்கிலீஷ்காரன் 158 வருஷம் ஆண்டிருக்கான், அப்புறம் ஏன் எல்லாரும் பிரெஞ்சு பேசறாங்க?

தமிழ்நாட்டிலிருந்து வந்த பெற்றோர் முதல் வாரத்திலேயே கேட்பது இதுதான். சரணடைந்தபோது போட்ட உடன்படிக்கையிலேயே விடை இருக்கிறது. குடிகள் தங்கள் மதம், சட்டம், வழக்கம் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம் என்று பிரிட்டிஷ்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது இந்தியாவுக்குப் போகிற கப்பல்களுக்குத் தொல்லை தராத ஒரு துறைமுகம், குடியேற வேறு நிலம் இல்லாமலா இருந்தது? அதனால் தோட்ட முதலாளிகளாகப் பிரெஞ்சு வம்சத்தாரே நீடித்தார்கள், மொழியும் நின்றது. சிவில் சட்டத்துக்கு அடித்தளம் இன்றும் நெப்போலியன் சட்டத் தொகுப்புதான், கோர்ட் நடைமுறை மட்டும் ஆங்கில வழி.

பக்கத்துத் தீவான ரியூனியனையும் பிரிட்டன் பிடித்திருந்தது. 1814 பாரிஸ் உடன்படிக்கையில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அங்கே இங்கத்துத் தலைநகரான போர்ட் லூயிஸ் மாதிரி நல்ல இயற்கைத் துறைமுகம் இல்லை.

தமிழர் எல்லாருமே கரும்புத் தோட்டத்துக் கூலியாத்தானே இங்க வந்தாங்க?

இல்லை. ஒப்பந்தக் கூலிமுறை தொடங்குவதற்கு நூறு வருஷம் முந்தியே தமிழர்கள் இங்கே இருந்தார்கள். 1735-ல் கவர்னராக வந்த மாஹே த லா பூர்தொனே போர்ட் லூயிஸைத் துறைமுக நகரமாகக் கட்டி எழுப்பியபோது, கொத்தனார், தச்சர், கப்பல் கட்டுகிறவர்கள் என்று கைத்தொழில்காரர்களைப் புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வரவழைத்தார். நகரத்தின் ஓரத்தில் அவர்களுக்கென்று தனிக் குடியிருப்பே இருந்தது. வணிகர்களும் வந்தார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியர்களும் அந்தக் காலத்தில் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம்.

ஆகவே மூன்று வழியாக வந்திருக்கிறோம்: கைத்தொழிலுக்குச் சுதந்திரமாக, அடிமையாக, அப்புறம் 1834-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலியாக. எண்ணிக்கையில் மூன்றாவதுதான் மிகப் பெரிது. ஆனால் விடையில் மூன்றையும் எழுதுகிற பிள்ளைதான் பாடத்தைப் படித்த பிள்ளை.

அடிமை முறையை ஒழிச்சுட்டு கூலியைக் கொண்டு வந்தாங்க, ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்?

தேர்வில் அடிக்கடி வருவதும், வீட்டில் சாப்பாட்டு மேசையில் சண்டை வருவதும் இந்தக் கேள்வியால்தான். முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 1835 பிப்ரவரி 1-ல் இங்கே அடிமை முறை ஒழிந்தது, 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுதலையானார்கள். ஆனால் 1839 வரை ‘பயிற்சி’ என்ற பெயரில் அதே முதலாளியிடம் வேலை செய்தாக வேண்டும். பிரிட்டன் நஷ்டஈடு கொடுத்தது, 20 லட்சம் பவுண்டுக்கு மேல், யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. முதுகு ஒடிய உழைத்தவருக்குச் சல்லிக்காசு இல்லை. விடுதலை பெற்றவர்கள் பின்னால் தோட்டத்தில் நிற்க விரும்பாமல் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள். அடிமை முறை ஒழியப்போகிறது என்று தெரிந்ததுமே முதலாளிகள் இந்தியா பக்கம் கண்ணைத் திருப்பியிருந்தார்கள். 1834 நவம்பர் 2-ல் ‘அட்லஸ்’ கப்பலில் கல்கத்தாவிலிருந்து 36 பேர் வந்தார்கள். பிறகு கல்கத்தா, சென்னை, பம்பாய் வழியாக ஏறத்தாழ 5 லட்சம் பேர் போர்ட் லூயிஸில் இறங்கினார்கள். ஒரு பகுதியினர் இங்கிருந்து வேறு நாடுகளுக்கும் போனார்கள்.

வித்தியாசம் என்ன? அடிமை இன்னொருவரின் சொத்து, விற்கலாம், வாங்கலாம், பிறக்கும் குழந்தையும் சொத்து. ஒப்பந்தக் கூலிக்குக் காலவரம்பு உண்டு, பொதுவாக 5 வருஷம். மாதச் சம்பளம் 5 ரூபாய், கூடவே அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு. சட்டப்படி அவர் சுதந்திர மனிதர். நடைமுறையில்? ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள், ‘டபுள் கட்’ என்று பெயர். ஒப்பந்தம் முடிந்தவர்கள்கூட 1867 சட்டத்துக்குப் பிறகு போட்டோ ஒட்டிய பாஸ் இல்லாமல் நடமாடினால் நாடோடி என்று பிடித்துப் போடலாம். இதைக் கண்டு பொறுக்காமல் அடோல்ஃப் த ப்ளெவிட்ஸ் என்ற தோட்ட நிர்வாகி 1871-ல் கூலிகளின் மனுவைத் தயாரித்தார், அதனால்தான் ராயல் கமிஷன் வந்து விசாரித்தது. ஆக ‘ஒன்றே’ என்றும் எழுதாதீர்கள், ‘முற்றிலும் வேறு’ என்றும் எழுதாதீர்கள். சட்டத்தில் எங்கே பிரிகிறது, வாழ்க்கையில் எங்கே நெருங்குகிறது என்று இரண்டு பக்கமும் எழுதுங்கள்.

மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் குடியேறியவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், கப்பல், போன தோட்டம் என்று வரிசையாக இருக்கும். காதில் விழுந்தபடி குமாஸ்தா எழுதின பெயர்கள்தான் இன்று பலரின் குடும்பப் பெயர். தாத்தாவுக்குத் தாத்தாவின் எண் வீட்டில் யாருக்காவது தெரிந்தால் அதை வைத்துத் தேடலாம், பிராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடையாது.

பிப்ரவரி 1, நவம்பர் 2 ரெண்டு நாளும் எதுக்கு லீவு?

மேலே சொன்ன அதே இரண்டு தேதிகள்: அடிமை முறை ஒழிந்த நாள், அட்லஸ் வந்த நாள். இடங்களையும் இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். அடிமைகள் தப்பி ஒளிந்த லெ மோர்ன் மலை 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, கூலிகள் இறங்கிய ஆப்ரவாசி காட் 2006-ல்.

அஞ்சலைன்னு ஒரு ஸ்டேடியம் இருக்கே, அது யாரு?

அஞ்சலை குப்பன். 1943 செப்டம்பர் 27-ல் பெல் வ்யூ அரேல் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மேல் போலீஸ் சுட்டதில் இறந்த நால்வரில் ஒருவர், அப்போது அவர் கர்ப்பிணி. மற்ற மூவர் பெயரைப் பிள்ளைகள் யாரும் சொல்வதில்லை.

இதைத் தனி நிகழ்ச்சியாக எழுதாமல் கோத்து எழுதுங்கள். 1936-ல் தொழிற்கட்சி தொடங்கியது, 1937-ல் தோட்டங்களில் கலவரம், 1943-ல் இது. 1948 தேர்தலில் ஏதாவது ஒரு மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தால் ஓட்டு, 1959-ல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. கூலி கேட்ட போராட்டம் ஓட்டு வரை எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

மனப்பாடம் பண்ணி எழுதியும் பாதி மார்க்தான் வருது, என்ன தப்பு?

அனேகமாக ‘எக்ஸ்பிளெயின்’ (விளக்கு) என்று கேட்ட இடத்தில் ‘ஸ்டேட்’ (குறிப்பிடு) கேட்ட மாதிரி எழுதியிருப்பீர்கள். உதாரணம்: ‘1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததால் போர்ட் லூயிஸ் பாதிக்கப்பட்டது.’ இது வெறும் தகவல். ‘ஐரோப்பாவிலிருந்து இந்தியா போகிற கப்பல்கள் அதுவரை ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து இங்கே தண்ணீரும் உணவும் ஏற்றின, கால்வாய் திறந்ததும் குறுக்கு வழியில் போய்விட்டன, அதனால் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களும் வருமானமும் குறைந்தன’ என்றால்தான் விளக்கம். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ‘அதனால் என்ன?’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வரி முடியவில்லை.

இது எரிமலைத் தீவுன்னா என்னைக்காவது வெடிக்குமா?

பயப்படாதீர்கள். தீவு உருவாகி ஏறத்தாழ 80 லட்சம் வருஷம், குழம்பு வெளிவந்து பல்லாயிரம் வருஷம். பூமிக்கடியில் இருக்கிற சூடான பகுதி அதே இடத்தில் இருக்க, மேலே உள்ள தட்டு நகர்ந்துவிட்டது. இப்போது அந்தச் சூட்டுக்கு மேலே இருப்பது ரியூனியன், அங்கேதான் பித்தோன் த லா ஃபூர்னேஸ் என்ற எரிமலை அடிக்கடி குமுறுகிறது. தீவின் நடு மேட்டுநிலத்து ஊரான க்யூர்பைப்பில் ‘துரூ ஓ செர்ஃப்’ விளிம்பில் நின்று பார்த்தால் தெரிகிற மரமடர்ந்த பள்ளம்தான் பழைய எரிமலை வாய்.

போர்ட் லூயிஸ்ல வெயில் கொளுத்துது, க்யூர்பைப்ல குடை இல்லாம நடக்க முடியல, இவ்ளோ சின்ன ஊர்ல எப்படி?

தென்கிழக்கிலிருந்து வருகிற வியாபாரக் காற்று கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. நடுவே மேட்டுநிலம். காற்று மேலேறும்போது குளிர்ந்து ஈரத்தை அங்கேயே கொட்டிவிடும். மறுபக்கம் இறங்கும்போது மிச்சம் ஒன்றும் இருக்காது, அதனால் மேற்குக் கரை வறண்டு கிடக்கும். போர்ட் லூயிஸ் மோக்கா மலைத்தொடரின் நிழலில் இருக்கிறது. மேட்டுநிலத்தின் ஈரமான பகுதியில் மேற்குக் கரையைப் போல நான்கு மடங்கு மழை பெய்யும். தீவின் பெரிய நீர்த்தேக்கமான மார் ஓ வாகோஸ் ஏன் அந்த மேட்டில் இருக்கிறது என்பதற்கும் இதே விடைதான்.

சைக்ளோன் கிளாஸ் 3-ன்னா கிளாஸ் 2-ஐ விட வேகமான காத்துதானே?

பெரியவர்களே தப்பாகச் சொல்கிற விஷயம். பாடத்தில் உள்ள எச்சரிக்கை எண்கள் காற்றின் பலத்தைச் சொல்வதில்லை, நமக்கு மிச்சமிருக்கிற நேரத்தைச் சொல்கின்றன. அளவுகோல் ஒன்றே: மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் வீசும் சூறைக்காற்று. அது வர ஒன்றரை முதல் இரண்டு நாள் இருக்கும்போது கிளாஸ் 1. பகல் வெளிச்சத்தில் 12 மணி நேரம் மிச்சம் கிடைக்கிற மாதிரி கிளாஸ் 2, 6 மணி நேரம் கிடைக்கிற மாதிரி கிளாஸ் 3. அந்த வேகம் பதிவாகி, தொடரும் என்று தெரிந்தால் கிளாஸ் 4. அமெரிக்காவில் சொல்கிற ‘கேட்டகரி’ காற்றின் பலத்தைச் சொல்வது. இரண்டையும் போட்டுக் குழப்பினால் வினாத்தாளிலும் ஆபத்து, வீட்டிலும் ஆபத்து.

1960-ல் கரோல் வந்து மரவீடுகளையும் தகர வீடுகளையும் துடைத்துவிட்டுப் போனது. இந்தத் தீவில் எங்கு பார்த்தாலும் தட்டையான கான்கிரீட் கூரையாக இருப்பதற்கு அந்தப் புயல் முக்கியக் காரணம்.

ஜனாதிபதி பெரியவரா, பிரதமர் பெரியவரா?

மரியாதையில் ஜனாதிபதி, அதிகாரத்தில் பிரதமர். ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, பிரதமர் கொண்டுவரும் தீர்மானத்தின் பேரில் நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது, காலம் 5 வருஷம். இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இது பழகின ஏற்பாடு. 1992-ல் முதல் ஜனாதிபதியானவர் சர் வீராசாமி ரிங்காடு, தமிழர். அதுவரை அவரே கவர்னர் ஜெனரல்.

ஒருத்தருக்கு மூணு ஓட்டாமே? அப்புறம் தோத்தவங்க எப்படி எம்.பி. ஆகறாங்க?

மொரீஷியஸ் தீவில் 20 தொகுதி, ஒவ்வொன்றுக்கும் 3 பேர். கிழக்கே தனியாக இருக்கும் ரொட்ரீக்ஸ் தீவு ஒரு தொகுதி, 2 பேர். மொத்தம் 62. வாக்காளர் தன் தொகுதிக்கு எத்தனை இடமோ அத்தனை பேருக்கும் ஓட்டுப் போட்டாக வேண்டும், இரண்டு பேருக்கு மட்டும் போட்டால் சீட்டு செல்லாது.

அதற்கு மேல் 8 இடம் வரை ‘பெஸ்ட் லூசர்’ முறையில் நிரப்பலாம். அரசியல் சாசனம் மக்களை நான்கு சமூகமாகப் பிரிக்கிறது: இந்து, முஸ்லிம், சீன-மொரீஷியர், இவற்றில் எதிலும் சேராதவர்களுக்குப் பொதுமக்கள் என்று நான்காவது. தேர்தலில் எந்தச் சமூகத்துக்கு இடம் குறைவாக வந்திருக்கிறதோ அந்தச் சமூகத்தைச் சேர்ந்த, நல்ல ஓட்டு வாங்கித் தோற்ற கட்சி வேட்பாளருக்கு இடம் போகும். முதல் 4 இடம் சமூகக் கணக்கைப் பார்த்து, அடுத்த 4 இடம் அதனால் கட்சிகளின் பலம் மாறிப்போகாதபடி ஈடுகட்டி. சுயேச்சைக்குக் கிடையாது.

சிக்கல் எங்கே என்றால், கணக்குக்கு எடுப்பது 1972 மக்கள்தொகைக் கணக்கு. அதற்குப் பிறகு சமூகம் என்ன என்று யாரையும் கேட்கவில்லை, ஆனால் வேட்பாளர் தன் சமூகத்தை எழுதித்தர வேண்டும். மறுத்தவர்களின் மனு நிராகரிக்கப்பட, அவர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார்கள். 2012-ல் குழு அவர்கள் பக்கம் சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் எழுதாமலும் நிற்கலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும்: 1982-லும் 2024-லும் மொரீஷியஸ் தீவின் 60 இடத்தையும் ஒரே அணி அள்ளியது. அப்படிப்பட்ட சபையில் எதிர்க்கட்சி என்று உட்கார யாராவது இருந்தால் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவர்தான். எனக்கு இந்த முறை பிடிக்காது, ஆனால் ‘உடனே தூக்கிவிடலாம்’ என்று எழுதுகிற பிள்ளை பதிலுக்கு என்ன வைப்பது என்றும் எழுதவேண்டும்.

அப்ப தமிழர் எந்தச் சமூகம்? பொதுமக்களா, இந்துவா?

அந்தக் கணக்கில் இந்து. தமிழருக்கும் தெலுங்கருக்கும் தனிப் பெட்டி கிடையாது. தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு, பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக உண்டு, ஆனால் தேர்தல் கணக்கில் தனி இனமாக எண்ணுவதில்லை. பண்பாட்டுக்கு ஒரு கணக்கு, சாசனத்துக்கு ஒரு கணக்கு.

ரூபாய் நோட்டுல தமிழ் இருக்கே, அப்ப தமிழ் ஆட்சி மொழிதானே?

சந்தோஷமாக இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லணும். நாட்டின் ஆட்சி மொழி இதுதான் என்று சாசனம் எதையுமே சொல்லவில்லை. நாடாளுமன்றத்தின் மொழி ஆங்கிலம், உறுப்பினர் பிரெஞ்சிலும் பேசலாம், அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்பது வழக்கமான வரிசை. 1998-ல் புது நோட்டுகளில் இந்தியை முன்னால் போட்டுத் தமிழைப் பின்னால் தள்ளினார்கள், தமிழர்கள் கொதித்தெழ, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசையிலேயே அச்சிட்டார்கள். 100 ரூபாய் நோட்டில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், வழக்கறிஞர், சுதந்திரத்துக்கு முந்தைய அரசியல்வாதி. கடையில் மிச்சம் வாங்கும்போது பிள்ளையிடம் ஒருமுறை காட்டுங்கள்.

சீனி நாடுன்னு புத்தகம் சொல்லுது, சீனி ஆலையெல்லாம் மூடிட்டாங்களே, நாம எதுல பிழைக்கிறோம்?

1961-ல் ஜேம்ஸ் மீட் என்ற பொருளியலாளர், பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர், இந்தத் தீவைப் பற்றிக் கொடுத்த அறிக்கை இருள் அடித்த மாதிரி இருந்தது. மலேரியா ஒழிந்து சாவு குறைந்துவிட்டது, பிறப்பு குறையவில்லை, இருப்பதோ ஒரே பயிர். அவர் பயந்தபடி நடக்கவில்லை என்பதுதான் பாடத்தின் சுவாரஸ்யமே. குடும்பக் கட்டுப்பாடு பரவியது. 1970-ல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்து துணி ஆலைகள் முளைத்தன, ஆயிரக்கணக்கான பெண்கள் முதல்முறையாகச் சம்பள வேலைக்குப் போனார்கள். 1975 லோமே ஒப்பந்தத்தின் சீனி நெறிமுறையால் வருஷத்துக்கு ஏறத்தாழ 5 லட்சம் டன் சீனியை ஐரோப்பா நிச்சய விலைக்கு வாங்கியது, பல வருஷம் அது உலகச் சந்தை விலையைவிட அதிகம். அந்தக் காசு ஓட்டல்களிலும் ஆலைகளிலும் முதலீடாகத் திரும்பியது. 1977-ல் உயர்நிலைக் கல்வி இலவசமானது.

பிறகு இரண்டு அடி. 2005 தொடக்கத்தில் துணி ஏற்றுமதிக்கான உலக ஒதுக்கீட்டு முறை முடிந்து சீனா, வங்கதேசத்தோடு நேரடிப் போட்டி. 2006-க்குப் பிறகு ஐரோப்பா சீனி விலையை 36% குறைத்து, 2009-ல் நெறிமுறையையே முடித்துக்கொண்டது. ஆலைகள் ஒன்றாகச் சேர்ந்து சுருங்கின. மிஞ்சியவை சிறப்பு ரகச் சீனி செய்கின்றன, கரும்புச் சக்கையை எரித்து மின்சாரமும் எடுக்கின்றன. இன்று வருமானத்தின் பெரும்பகுதி சேவைத் துறை: சுற்றுலா, வங்கி, நிதி, தகவல் தொழில்நுட்ப மையமான எபேன் சைபர் சிட்டி. இந்தியாவோடு 1982-ல் போட்ட இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் நிதித் துறைக்குப் பெரிய உரம், 2016-ல் அதைத் திருத்தினதும் பழைய கவர்ச்சி குறைந்தது. சீனி இப்போது நிலப்படத்தில் பெரிது, கணக்கில் சிறிது.

வாட் எல்லாருக்கும் 15 சதவீதம்தானே, அப்ப அது நியாயமான வரிதானே?

வாட் என்பது பொருள் வாங்கும்போது விலையோடு சேர்த்து நாம் கட்டுகிற வரி. விகிதம் ஒன்று, சுமை ஒன்றல்ல. குறைந்த வருமானக்காரர் கையில் வருகிற காசு முழுவதையும் செலவழிக்கிறார், ஆகவே முழு வருமானத்திலும் வரி உரசுகிறது. வசதியானவர் பாதியைச் சேமித்தால் அந்தப் பாதிக்கு வாட் இல்லை. அதைச் சரிக்கட்டத்தான் அரிசி, ரொட்டி மாதிரி அத்தியாவசியப் பொருளுக்குப் பூஜ்ய விகிதம். ரேஷன் அரிசிக்கும் மாவுக்கும் அரசே விலை தாங்குவது தனிக் கதை. சாப்பாட்டுப் பொருளில் பெரும்பகுதி கப்பலில் வருகிற நாட்டில் டாலர் விலை ஏறினால் கடைத்தெருவில் முதலில் தெரியும்.

2,040 சதுர கி.மீ. நாடு, கடல் மட்டும் 20 லட்சம் சதுர கி.மீ.-ன்னு போட்டிருக்கு, அச்சுப்பிழையா?

பிழை இல்லை. ஒவ்வொரு தீவின் கரையிலிருந்தும் 200 கடல் மைல் வரை பொருளாதார மண்டலம். மொரீஷியஸ், கிழக்கே ரொட்ரீக்ஸ், வடக்கே தொலைவில் அகலேகா, செயின்ட் பிராண்டன் என்று சிதறிக் கிடப்பதால் வட்டங்கள் பெரிதாக விரிகின்றன. இது தவிர 3.96 லட்சம் சதுர கி.மீ. கடலடித் திட்டை சீஷெல்ஸோடு சேர்ந்து நிர்வகிக்கிறோம். உரிமை இருப்பதும் காவல் காக்க முடிவதும் வேறு: 2020 ஜூலை 25-ல் வகாஷியோ கப்பல் புவான்ட் தெஸ்னி அருகே பவளப்பாறையில் ஏறி நின்றது, ஆகஸ்டில் ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கொட்டியது. ஜனங்கள் துணியைப் பைபோலத் தைத்து, கரும்புத் தோகையை அடைத்து, கடலில் தடுப்பு போட்டார்கள். மீன்பிடி, சுற்றுலா, சதுப்புநிலம் மூன்றும் ஒரே கேள்வியில் கேட்க இதைவிட வசதியான நிகழ்ச்சி தேர்வாளருக்குக் கிடைக்காது.

சாகோஸ் நம்முடையதா, பிரிட்டன்காரனுடையதா? ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கே

புத்தகம் அச்சான வருஷத்தைப் பாருங்கள். 1965-ல், சுதந்திரத்துக்கு முன்னாலேயே, பிரிட்டன் சாகோஸ் தீவுக்கூட்டத்தை மொரீஷியஸிலிருந்து பிரித்துத் தனிப் பிரதேசமாக்கி 30 லட்சம் பவுண்டு கொடுத்தது. அதில் பெரிய தீவான தியேகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைக்க, 1973-க்குள் அங்கிருந்த மக்களை மொத்தமாக வெளியேற்றினார்கள். பலர் போர்ட் லூயிஸில் வறுமையில் தள்ளப்பட்டார்கள். 2019 பிப்ரவரி 25-ல் சர்வதேச நீதிமன்றம், பிரித்தது சட்டப்படி சரியல்ல, பிரிட்டன் விரைவில் வெளியேற வேண்டும் என்றது. அது ஆலோசனைக் கருத்து, கட்டாயத் தீர்ப்பு அல்ல. அதே வருஷம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் ஆதரவு, 6 எதிர்ப்பு. 2025 மே 22-ல் இறையாண்மையை மொரீஷியஸுக்கு ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தம் கையெழுத்தானது, தியேகோ கார்சியாவை 99 வருஷம் பிரிட்டனே வைத்துக்கொள்ளும் நிபந்தனையோடு. கையெழுத்து வேறு, நடைமுறைக்கு வருவது வேறு. விடையில் வருஷத்தோடு சேர்த்து எழுதினால் யாரும் தப்பு சொல்ல முடியாது.

கடைசியா ஒண்ணு மிஸ், நாம குடியரசு, அப்புறம் ஏன் கடைசி வழக்கு லண்டன் போகுது?

உச்ச நீதிமன்றத்துக்கு மேலே மேல்முறையீடு லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவுக்குத்தான். 1968-ல் வைத்துக்கொண்டோம், 1992-ல் ராணியை விட்டோம், இதை விடவில்லை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த சின்ன ஊரில் தூரத்து நீதிபதி நல்லது என்கிறது ஒரு கட்சி. சுதந்திர நாட்டுக்கு இது எதற்கு, செலவு வேறு, என்கிறது இன்னொன்று. விரும்பினால் சாசனத்தைத் திருத்தி விலகலாம், யாரும் கட்டிப்போடவில்லை.

இதில் வேடிக்கை, பிரெஞ்சுச் சட்டத்தைப் பற்றி நான்காவது கேள்வியில் சொன்னேனே, அதை வைத்து லண்டனில் உட்கார்ந்திருக்கும் ஆங்கில நீதிபதிகள் தீர்ப்பு எழுதவேண்டியிருக்கிறது. 1810-ல் கொடுத்த வாக்கு எந்த அளவுக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது என்று கேட்டால், எஸ்.சி. மாணவர்கள் இந்த உதாரணத்தை எழுதலாம்.